படிக்கட்டில் இறங்கும் கப்பல்

உங்கள் பள்ளி அட்லஸை எடுத்து பிரான்சு நாட்டின் படத்தைத் திருப்புங்கள். ஆல்ப்ஸ் மலைகளுக்கு மேற்கே, வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய நேராக இறங்கி மத்தியதரைக் கடலில் முடியும் நீலக்கோடு ஒன்று தெரிகிறதா? அதன் மேல்பாதி சோன் ஆறு, கீழ்ப்பாதி ரோன் ஆறு. இரண்டும் கைகோக்கும் இடத்தில் லியோன் நகரம் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக் கொள்ளுங்கள். இன்று நாம் அதன் வழியே கப்பலில் போகப் போகிறோம்.

கப்பல் என்றதும் கடற்கப்பலை நினைத்துவிடாதீர்கள். இது ஆற்றுக் கப்பல். நீளம் 110 முதல் 135 மீட்டர் வரை இருக்கும், அகலமோ 11.4 மீட்டர்தான். ஓர் இரயில் தொடரைத் தண்ணீரில் மிதக்கவிட்டாற்போல ஒல்லியாக இருக்கும். 11.4 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். சைக்கிள் வேகத்தில் ஒரு வாரம் இது தெற்கே நகரும். வழியெல்லாம் பழைய ஊர்கள். ஊர்களைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். அந்தத் திராட்சையிலிருந்து மது வடிப்பதுதான் இந்த வட்டாரத்தின் பரம்பரைத் தொழில். நமக்கு வேலை கோப்பையில் இல்லை, கொடியில்தான். ஆகவே பயப்படாமல் ஏறுங்கள்.

மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உல்லாசப் பயணிகள், இரு கரைகளையும் பார்த்துவிட்டு, "ஈராயிரம் ஆண்டுகளாக மாறாத காட்சி!" என்று பெருமூச்சு விடுவார்கள். உரோமானியர் கட்டிய கோயில், இடைக்காலக் கோட்டை, கல்லடுக்கில் திராட்சைக்கொடி, அமைதியாக ஓடும் ஆறு. எல்லாம் பழமை! அவர்கள் சொல்வது எவ்வளவு உண்மை? கப்பலைவிட்டு இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.

சோம்பேறி ஆறு

நாம் ஏறும் ஊர் சோன் ஆற்றங்கரையில் உள்ள ஷலோன். சோன் மிகவும் சாதுவான ஆறு. அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று ஜூலியஸ் சீசரே தம் போர்க் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஷலோனிலிருந்து லியோன் வரை அது இறங்கும் உயரம் சில மீட்டர்களே.

சாதுவான ஆறு என்பதால்தானோ என்னவோ, புதுமாதிரிப் படகுகளைச் சோதித்துப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இங்கே வந்தார்கள். 1783ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஜூஃப்ருவா என்ற பிரபு, லியோன் நகரில் நீராவியால் ஓடும் படகு ஒன்றைச் சோனின் நீரோட்டத்தை எதிர்த்துச் சுமார் 15 நிமிடங்கள் ஓட்டிக் காட்டினார். 1807இல் ஷலோனைச் சேர்ந்த நியெப்ஸ் சகோதரர்கள், ஒருவகைத் தாவரப் பொடியைக் குழாய்க்குள் வெடிக்கச் செய்து, அந்த உந்துவிசையால் படகு ஓட்டினார்கள். இன்றைய மோட்டார் எஞ்சினுக்கு அது ஒரு கொள்ளுத்தாத்தா! அந்தச் சகோதரர்களில் ஒருவரான நிசேஃபோர் நியெப்ஸ்தான் 1820களில் ஷலோனுக்குப் பக்கத்துச் சிற்றூரில் தம் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த காட்சியை உலோகத் தகட்டில் பதித்தவர். இன்று கைவசம் இருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையது அதுதான். நீராவிப் படகை மறந்துவிடாதீர்கள். அதற்கும் இந்தக் கதைக்கும் ஓர் எதிர்பாராத தொடர்பு உண்டு.

திராட்சைக்கு வருவோம். சாறு எப்படி மதுவாகிறது? சோனில் கலக்கும் தூ என்ற ஆற்றின் கரையில், தோல் என்ற ஊரில் 1822இல் பிறந்த லூயி பாஸ்டர் இதைத் தீர்த்து வைத்தார். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு, இரண்டு எதில் ஆல்கஹால் மூலக்கூறுகளாகவும் இரண்டு கார்பன் டையாக்சைடு மூலக்கூறுகளாகவும் பிரிகிறது. பழத்தில் எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு ஆல்கஹால். ஆகவே எந்த நாளில் பழம் பறிப்பது என்பது உழவருக்கு உயிர்ப் பிரச்சினை. முந்தினால் புளிப்பு, பிந்தினால் மழையும் அழுகலும்.

ஷலோனுக்கு வடக்கே போன் என்றொரு பழைய நகரம் உண்டு. அறுவடை தொடங்கிய நாள் எது என்ற விவரம் அந்த ஊருக்கு 1354ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே வெப்பமானி கிடையாது. ஆனால் கோடை வெப்பம் கூடினால் பழம் சீக்கிரம் கனியும். எனவே அறுவடைத் தேதியே ஒரு வெப்பமானி! 2019இல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தது. 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாட்கள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுக்கும் மேலாக ஏறியும் இறங்கியும் வந்த ஒரு கோடு, ஒரே தலைமுறைக்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மாறாத காட்சியில் முதல் மாற்றம் இது.

முரட்டு ஆறு

லியோனில் காட்சி மாறுகிறது. கிழக்கேயிருந்து ரோன் வந்து சேர்கிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸில் ஒரு பனியாற்றின் அடியில் பிறந்து, ஜெனீவா ஏரியைக் கடந்து வரும் ஆறு இது. மொத்த நீளம் 812 கிலோமீட்டர். கோடையில் பனி உருகியும், இலையுதிர்காலத்தில் தெற்கே மழை கொட்டியும் இதற்கு நீர் வரும். லியோனிலிருந்து கடல்வரை சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 160 மீட்டர் இறங்குகிறது. அதாவது இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர். பெரிய ஆற்றுக்கு இது செங்குத்து என்றே சொல்ல வேண்டும்.

பழைய நாளில் இதில் இறங்குவது எளிது, உயிரோடு இறங்குவது கடினம். ஏறுவதோ பெரும்பாடு. படகுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் பிணைத்து, கரையில் பத்துக் கணக்கான குதிரைகளைப் பூட்டி, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவார்கள். ஓரிடத்தில் கரை உடைந்திருந்தால் குதிரைகளைப் படகில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய் மறுபடி பூட்ட வேண்டும். இந்தப் படகோட்டிகளின் வாழ்வை வைத்தே பிரெதெரிக் மிஸ்த்ரால் என்ற புரோவான்சு மொழிக் கவிஞர் 1897இல் ஒரு காவியம் வெளியிட்டார். அப்போதே அந்த வாழ்வு முடிந்து போயிருந்தது. நீராவிப் படகும், 1850களில் வந்த இரயிலும் அதை முடித்துவைத்தன.

இன்று நம் கப்பல் அதே ஆற்றில் ஓர் ஏரியில் போவதைப்போல ஆடாமல் அசையாமல் போகிறதே, எப்படி? உண்மையில் நாம் போவதே ஏரியில்தான்! 1933இல் தொடங்கப்பட்ட ரோன் தேசியக் கழகத்துக்கு மூன்று வேலைகள் கொடுக்கப்பட்டன: மின்சாரம் எடுப்பது, படகுப் போக்குவரத்தைச் சீராக்குவது, வயலுக்குப் பாசனம் தருவது. அது ஆற்றின் குறுக்கே அணை மேல் அணையாகக் கட்டிக்கொண்டே போய், 1980 அளவில் லியோனுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியை முடித்தது. சரிவாக ஓடிய ஆறு, பன்னிரண்டு படிகள் கொண்ட படிக்கட்டாகிவிட்டது. ஒவ்வொரு படியும் ஒரு நீண்ட, தட்டையான நீர்நிலை. படிக்குப் படி கப்பல் எப்படி இறங்குகிறது என்பதை எல்லாவற்றிலும் பெரிய படியில் போய்ப் பார்ப்போம். அதற்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருக்கிறது. அதுவரை கரையைப் பாருங்கள்.

சூரியனை நோக்கிச் சாய்ந்த மலை

லியோனுக்குத் தெற்கே வியென் நகரம். நகர நடுவில் அகஸ்டஸ் பேரரசருக்கு எழுப்பிய உரோமானியக் கோயில் இன்றும் தூண்களோடு நிற்கிறது. அதைக் கடந்து சிறிது தூரம் போனால் வலக்கரையில், ஏணி வைத்து ஏற வேண்டியதோ என்று தோன்றும் மலைச்சரிவில் திராட்சைக்கொடிகள். சில இடங்களில் சரிவு மிகவும் செங்குத்தாக இருக்கிறது. மண் சரியாதபடி கல் அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். டிராக்டர் ஏற முடியாது, எல்லாம் கைவேலை. இந்தச் சரிவின் பெயர் கோத்-ரோத்தி. 'வறுபட்ட சரிவு' என்று பொருள்.

சமவெளி இருக்கும்போது இந்த மலையில் ஏறி ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? உங்கள் திரிகோணமிதிப் பாடம் இதற்கு விடை சொல்லும்.

நாம் இப்போது வடக்கு அட்சரேகை 45 பாகைக்கு அருகில் இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாட்களில், நண்பகலில் இங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கும். தட்டையான தரையில் அந்த ஒளி சாய்ந்து விழுந்து பரவிவிடுவதால், தரைக்குக் கிடைப்பது முழு ஒளியில் சைன் 45, அதாவது 0.71 பங்கு. தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த மலையில் அதே ஒளி 75 பாகை கோணத்தில் விழுகிறது. சைன் 75 என்பது 0.97. சமவெளியைவிட ஏறக்குறைய 37 விழுக்காடு அதிக ஒளி! நமது நாட்டில் சூரியன் தலைக்குமேல் நிற்பதால் இந்தக் கணக்கு நமக்குப் பெரிதாகப் படுவதில்லை. குளிர்நாட்டில், அதுவும் செப்டம்பரில், பழம் கனிவதும் கனியாததும் இந்த 37இல் இருக்கிறது.

கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இன்னும் கீழே, தேன்-லெர்மித்தாஜ் என்ற ஊருக்கு வாருங்கள். ஆறு இங்கே வளைந்து திரும்புவதால், இடக்கரைக் கருங்கல் மலையின் முகம் நேர் தெற்கே பார்க்கிறது. எர்மித்தாஜ் என்ற அந்த மலையின் அடியிலிருந்து உச்சிவரை ஓர் அங்குலம் விடாமல் கொடி நட்டிருக்கிறார்கள். எதிர்க்கரையில் துர்னோன். இவ்விரு ஊர்களுக்கும் இடையில் 1825இல் மார்க் சேகேன் என்ற பொறியாளர், கனத்த சங்கிலிக்குப் பதிலாக மெல்லிய இரும்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டிய வடங்களால் தொங்குபாலம் அமைத்தார். ஐரோப்பியப் பெருநிலத்தில் இவ்வகையான முதல் பெரிய பாலம் அது. அதை 1965இல் இடித்துவிட்டார்கள். சேகேன் 1840களில் அமைத்த இரண்டாவது பாலத்தின் கீழேதான் நம் கப்பல் இன்று நுழைகிறது. மேல்தளத்தில் நிற்பவர்கள் அதை நடைபாலமாகத்தான் காண்பார்கள். கார்களுக்கு அனுமதி இல்லை.

இனி ஒரு காற்று நம்மைத் தொடரும். மேற்கே மத்திய மேட்டுநிலம், கிழக்கே ஆல்ப்ஸ். இரண்டுக்கும் நடுவே இந்தப் பள்ளத்தாக்கு ஒரு புனல்போல ஒடுங்குகிறது. மேற்கே உயர் அழுத்தமும் இத்தாலிக்கருகே ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தமும் சேர்ந்து அமையும்போது, வடக்குக் குளிர்காற்று இந்தப் புனலுக்குள் நெருக்கித் தள்ளப்பட்டு நாட்கணக்கில் வீசும். அதன் பெயர் மிஸ்த்ரால். தொப்பி பறக்கும், நாற்காலி உருளும். ஆனால் கொடிகளின் ஈரத்தை உலர்த்தி, பூஞ்சக்காளான் நோய் பிடிக்காமல் காப்பதும் இதுவே. ஆகவே உழவர்கள் அதைத் திட்டிக்கொண்டே வரவேற்பார்கள்.

முப்பது சென்டிமீட்டர் இடைவெளி

இப்போது பெரிய படி. பொல்லேன் என்ற ஊரருகே கப்பல் ஆற்றைவிட்டு விலகி, மனிதர் வெட்டிய அகன்ற கால்வாய்க்குள் வந்திருக்கிறது. 1952இல் திறக்கப்பட்ட நீர்மின் நிலையம் எதிரே சுவர்போல நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு நீர்ப்பூட்டு. நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் கதவு போட்ட நீளமான தொட்டி, அவ்வளவுதான். இதன் நீளம் 195 மீட்டர், அகலம் 12 மீட்டர்.

கப்பலின் அகலம் நினைவிருக்கிறதா? 11.4 மீட்டர். இரு பக்கமும் மிஞ்சுவது முப்பது முப்பது சென்டிமீட்டர்! உங்கள் வகுப்பு அடிகோல் ஒன்றின் நீளம். மாலுமி விசிலடித்துக்கொண்டே உள்ளே நுழைத்துவிடுகிறார்.

பின்கதவு மூடுகிறது. தொட்டியின் அடியிலுள்ள வால்வுகள் திறக்கின்றன. தொட்டியிலிருந்த நீர் கீழ்ப்புற ஆற்றை நோக்கி வடிகிறது. இதற்கு ஒரு பம்புகூட வேண்டாம். இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாகும் என்று நீங்கள் கண்ணாடிக் குழாய்களில் செய்து பார்த்த அதே விதி. கப்பல் மெல்லத் தாழ்கிறது. சற்றுமுன் நம் காலடியில் இருந்த சுவரின் விளிம்பு தோளுக்கு வருகிறது, தலைக்குமேல் போகிறது, பிறகு வானமே ஒரு நீல நாடாவாக ஒடுங்கிவிடுகிறது. இருபுறமும் பாசி படர்ந்த ஈரச்சுவர். கப்பலைக் கட்டிய முளைகளும் மிதவைகளே. கப்பலோடு அவையும் கிரீச்சிட்டுக்கொண்டு இறங்குகின்றன. சில நிமிடங்களில் சுமார் 23 மீட்டர், அதாவது ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம், இறங்கிவிட்டோம். முன்கதவு திறக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 195 பெருக்கல் 12 பெருக்கல் 23. சுமார் 54,000 கன மீட்டர் நீர். ஐந்து கோடியே நாற்பது இலட்சம் லிட்டர். ஒரு கப்பலுக்காக இவ்வளவு நீரா என்று மலைக்காதீர்கள். கடலை நெருங்கும் இடத்தில் ரோன் சராசரியாக நொடிக்கு 1,700 கன மீட்டர் நீரைக் கொண்டு போகிறது. இந்தத் தொட்டி அதற்கு அரை நிமிட வேலை!

இந்தக் கரையிலேயே வழியில் அணுமின் நிலையங்களின் உயர்ந்த கோபுரங்களையும் பார்த்திருப்பீர்கள். லியோனிலிருந்து இதுவரை மூன்றைக் கடந்துவிட்டோம். அவற்றுக்குக் குளிர்ச்சி தருவது ஆற்று நீர். 2003, 2022 ஆண்டுகளின் கடுங்கோடையில் ஆற்று நீரே சூடாகிவிட்டதால், உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. சூடான நீரை மேலும் சூடாக்கி விட்டால் மீன்கள் என்னாவது? தலைமடையில், ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெள்ளைத் துணி போர்த்திப் பாதுகாக்கிறார்கள். ஆற்றின் பிறப்பிடத்துக்கே போர்வை!

ஆக, பயணிகள் கண்ட 'பழைய ஆறு' உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் பொறியியல் வேலை. சரி, திராட்சைக்கொடியாவது பழமையானதா?

செத்த கொடியில் பூச்சி இல்லை

கி.மு. 600 அளவில் கிரேக்கர் மார்சேய் நகரை நிறுவினார்கள். அவர்களும் பின்வந்த உரோமானியரும் இந்த ஆற்றின் வழியே மதுவையும் கொடியையும் கொண்டு சென்றார்கள். அது உண்மைதான். ஆனால் கப்பல் இப்போது ரோக்மோர் என்ற சிற்றூரைக் கடக்கிறது பாருங்கள். இடக்கரைப் பக்கம் ஷாத்தோநெஃப்-து-பாப். அங்கே பழைய ரோன் உருட்டிவந்து குவித்த கூழாங்கற்களின்மேல் கொடிகள் வளர்கின்றன. அந்தக் கற்கள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. வலக்கரைப் பக்கம் ரோக்மோர்; அதையடுத்து பூஜோ. இந்தப் பூஜோவில் 1863ஆம் ஆண்டு சில கொடிகள் காரணமின்றி வாடத் தொடங்கின.

முதலில் ஒரு வட்டம். நடுவில் செத்த கொடிகள், சுற்றிலும் வாடும் கொடிகள், வெளியே நல்ல கொடிகள். தண்ணீரில் சிந்திய எண்ணெய்ச் சொட்டுப்போல அந்த வட்டம் ஆண்டுக்காண்டு பரவியது. செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கும். வேறொன்றும் இருக்காது. மண்ணின் குற்றம் என்றார்கள் சிலர்; குளிர் என்றார்கள் சிலர்; கடவுளின் சினம் என்றார்கள் மற்றும் சிலர்.

1868 ஜூலை 15ஆம் நாள், மோன்பெலியே நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன், பசீல், சாயூ ஆகியோரோடு சேர்ந்து சேன்-ரெமி அருகே ஒரு தோட்டத்தை ஆராய வந்தார். செத்த கொடிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. தற்செயலாக, இன்னும் உயிருள்ள ஒரு கொடியைத் தோண்டினார்கள். வேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், மஞ்சள் பொடி தூவியது போல ஆயிரக்கணக்கான நுண்பூச்சிகள்! விடை இவ்வளவு எளியது. பூச்சிக்கு வேண்டியது சாறு. வேர் செத்ததும் அது பக்கத்துக் கொடிக்குப் போய்விடுகிறது. எல்லாரும் பிணத்தைச் சோதித்தார்கள். கொலைகாரனோ அடுத்த வீட்டில் இருந்தான்!

அந்தப் பூச்சிதான் ஃபிலாக்செரா. நம் ஊர் அவரைக்கொடியில் மொய்க்கும் அசுவினிக்கு உறவு. ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கோடையில் ஆண் துணை இல்லாமலே பெண்பூச்சி முட்டையிடும். அதன் குஞ்சுகளும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகப் பெருகிவிடும்.

பாரீசில் பலர் இதை ஏற்கவில்லை. கொடி நலிந்ததால் பூச்சி வந்தது. பூச்சியால் கொடி நலியவில்லை என்று வாதாடினார்கள். காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிவது விஞ்ஞானத்தில் எப்போதும் வம்பான வேலை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்ல்ஸ் ரைலி, இது தம் நாட்டுத் திராட்சையில் உள்ள பூச்சியே என்று உறுதி செய்தார். ஆக அது அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. அமெரிக்கக் கொடிகளை ஐரோப்பாவுக்குப் பல காலமாகக் கொண்டுவந்து கொண்டுதானே இருந்தார்கள், பூச்சி ஏன் 1860களில் வந்தது? இங்கேதான் சோன் ஆற்றில் பார்த்த நீராவிப் படகு திரும்பி வருகிறது. பாய்மரக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பூச்சி செத்துவிடும். நீராவிக் கப்பல் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கடந்துவிட்டது. பூச்சியும் உயிரோடு இறங்கியது. இதுவே ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம்.

அழிவின் அளவைக் கேளுங்கள். 1875இல் பிரான்சில் 845 கோடி லிட்டர் மது உற்பத்தியானது. 1889இல் 234 கோடி லிட்டர். கால்பங்குக்குச் சற்றே மேல்! குத்தகைக்காரரும் கூலியாட்களும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கடல் கடந்து அல்ஜீரியாவுக்குப் போனவர்களும் உண்டு. அரசாங்கம் 1874இல் மூன்று இலட்சம் பிராங்க் பரிசு அறிவித்தது. யோசனைகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. பெரும்பாலானவை சிரிப்புக்கு உதவின.

பலித்த வழிகளும் சில இருந்தன. மண்ணுக்குள் ஊசிபோன்ற கருவியால் கார்பன் டைசல்ஃபைடைச் செலுத்தினார்கள். பூச்சி செத்தது. ஆனால் அது நச்சு, எளிதில் தீப்பிடிக்கும், விலையும் அதிகம். அவிஞ்ஞோனுக்குத் தெற்கே கிராவசோன் என்ற ஊரில் லூயி ஃபோக்கோன் என்பவர், அறுவடைக்குப் பிறகு தோட்டத்தை ஒரு மாதத்துக்கும் மேலாக நீரில் மூழ்கடித்து, பூச்சியை மூச்சுத்திணற வைத்தார். தம் தோட்டத்தைக் காப்பாற்றியும் விட்டார். ஆனால் எர்மித்தாஜ் மலையை எப்படி மூழ்கடிப்பது?

முடிவான வழி பகைவன் வீட்டிலிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடிகளும் பூச்சியும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவை. பூச்சி கடித்தால் அமெரிக்க வேர் காயத்தைச் சுற்றித் தக்கைபோல ஓர் அடுக்கை வளர்த்து அடைத்துவிடும். ஐரோப்பியக் கொடியின் வேருக்கு அந்த வித்தை தெரியாது. புண் ஆழமாகி அழுகும். அப்படியானால் அமெரிக்கக் கொடியையே நடலாமே? நட்டார்கள். பழத்தின் வாசனை பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இரண்டையும் ஒட்டினார்கள். கீழே அமெரிக்க வேர், மேலே பிரெஞ்சுத் தண்டு.

நம் வீட்டு ஒட்டுமாங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஏதோ ஒரு நாட்டு மா வேர்ச்செடி, மேலே பங்கனபள்ளி. காய்ப்பது பங்கனபள்ளிதான். ஒட்டிய இடத்தில் இரு செடிகளின் நீர்க்குழாய்களும் உணவுக்குழாய்களும் இணைகின்றனவே தவிர, மேலுள்ள தண்டு தன் மரபுக்கூறுகளை இழப்பதில்லை. திராட்சையிலும் அப்படியே.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. மருந்துக் கட்சி, அமெரிக்கக் கட்சி என்று ஊர்கள் பிரிந்தன. ஒட்டுக்கொடி நட்ட இடங்களிலும் புதிய தொல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அமெரிக்க வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுத்தது. 1887இல் பியேர் வியாலா என்ற பேராசிரியர் அமெரிக்கா சென்று, டெக்சாசில் மன்சன் என்ற திராட்சை வல்லுநரின் உதவியோடு, சுண்ணாம்பு நிலத்தில் செழிக்கும் காட்டு இனம் ஒன்றைக் கண்டார். அதன் வழிவந்த வேர்கள்தாம் பல தோட்டங்களை மீட்டன. அந்த மூன்று இலட்சம் பிராங்க் பரிசோ யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஒட்டு முறையை முன்கூட்டிச் சொன்னதாக உரிமை கோரியவரிடம், அரசாங்கம் கேட்டது பூச்சியைக் கொல்லும் மருந்து, நீங்கள் சொன்னது தப்பிக்கும் வழிதானே என்று சொல்லிவிட்டார்கள். கஞ்சத்தனம்தான், ஆனாலும் வாதத்தில் உண்மை உண்டு. பூச்சி இன்றும் அந்த மண்ணில் இருக்கிறது.

கடைசித் துறை

அவிஞ்ஞோனில் கப்பல் ஓர் அரைப் பாலத்தின் அருகே நிற்கிறது. 1185இல் முடிந்தபோது அதற்கு 22 வளைவுகள் இருந்தன. இன்று நிற்பவை நான்கு. மற்றவற்றை முரட்டு ரோனின் வெள்ளங்கள் மீண்டும் மீண்டும் கொண்டு போயின. கட்டிச் சலித்துப்போய் 17ஆம் நூற்றாண்டில் கைவிட்டுவிட்டார்கள். அணைகளுக்கு முந்திய ஆறு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பாதிப் பாலம் ஒரு சாட்சி. போப்பாண்டவர்கள் 1309 முதல் 1377 வரை வாழ்ந்த நகரம் இது. அவர்களுடைய பெரிய அரண்மனையை நீங்களே சுற்றிப் பாருங்கள்.

பயணம் ஆர்ல் நகரத்தில் முடிகிறது. 1888 நவம்பரில் ஓவியர் வான்கோ இங்கே சிவந்த திராட்சைத் தோட்டம் ஒன்றைத் தீட்டினார். மேலே சொன்ன 234 கோடி லிட்டர் ஆண்டுக்கு முந்திய ஆண்டு அது. படத்தில் பெண்கள் குனிந்து பழம் பறிக்கிறார்கள்.

இந்த ஊர் அருங்காட்சியகத்தில் நம் கப்பலின் மூதாதை ஒன்று இருக்கிறது. 2004இல் ரோனின் சேற்றுக்குள் முக்குளிப்போர் கண்டுபிடித்து, 2011இல் வெளியே எடுத்த உரோமானியச் சரக்குப் படகு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. 31 மீட்டர் நீளம். கட்டடக் கல்லை ஏற்றியபடியே மூழ்கியிருந்தது. அதுவும் ஒல்லியாக, நீளமாகத்தான் இருக்கிறது.

மேல்தளப் பயணிகள் இப்போது பெட்டிகளோடு இறங்குகிறார்கள். உண்மையில் பழைய முறையில், தன் சொந்த வேரில் நிற்கும் கொடியைப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாராவது கேட்டால், கரையோர மலைகளைக் காட்டிப் பயனில்லை. ஆர்லுக்கு மேற்கே, எய்க்-மோர்த் என்ற கோட்டை ஊரைச் சுற்றிக் கடலோர மணல்வெளி இருக்கிறது. களிமண் வெடிப்புகளில் ஓடித்திரியும் பூச்சியால், சரிந்து மூடும் மணலுக்குள் வழி செய்துகொள்ள முடியவில்லை. அங்கே இன்றும் சில தோட்டங்களில் ஒட்டு இல்லாத கொடிகள் நிற்கின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை: தட்டையான மணல், தலை குட்டையான கொடிகள், உப்புக்காற்று. கப்பல் அந்தப் பக்கம் போவதில்லை.